முப்பது அடி என்பது வேகமா?

ஸாம்பி 20 அடி. ட்வார்ஃப் 25 அடி. மனிதன் 30 அடி. ஓநாய் 40 அடி. சிங்கம் 50 அடி. சவாரிக் குதிரை 60 அடி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014) ஒவ்வொரு உயிரினத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு. அதன் பெயர் ஸ்பீட். சண்டையில் ஒரு சுற்று என்பது ஆறு நொடி. அந்த ஆறு நொடியில் அந்த உயிரினம் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதுதான் இந்த எண். தூரம் இருக்கு, நேரம் இருக்கு, வகுத்தால் வேகம். இதில் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அந்த எண் பார்ப்பதற்கு வேகம் மாதிரி இருக்கிறது. ஆனா வேகம் செய்யவேண்டிய வேலையை அது செய்வதில்லை. அதனால் இந்த விளையாட்டில் ஒரு முக்கியமான முடிவு, 'இது நமக்குச் சரிப்படாது, ஓடிடலாம்' என்கிற முடிவு, ஏறக்குறைய அர்த்தமில்லாததாகிவிட்டது. அது எப்படி என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

இந்த விளையாட்டு பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி (இப்போதெல்லாம் வீடியோ அழைப்பில்) உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாக ஆடுவார்கள். ஒருவர் மட்டும் ஆட்டத்தை நடத்துபவர். உலகமும், அதிலிருக்கும் எதிரிகளும் அவர் பொறுப்பு. 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் அவனிடம் பொய் சொல்கிறேன்' என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நடந்ததா இல்லையா என்பதை விதிகளும் பகடையும் முடிவு செய்யும். 'எதை வேண்டுமானாலும்' என்பதுதான் இதன் கவர்ச்சி. கம்ப்யூட்டர் கேம் போல நாலு பொத்தானுக்குள் அடங்கத் தேவையில்லை. சண்டை வந்தால் மட்டும் ஆட்டம் இறுக்கமாகிவிடும்: பகடை போட்டு வரிசை தீர்மானிப்பார்கள், ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை, ஐந்தடிக் கட்டம் போட்ட வரைபடத்தின் மேல் பொம்மைகளை நகர்த்துவார்கள்.

முதலில் எளிய கணக்கு

30 அடி என்பது சுமார் 9.1 மீட்டர். ஆறு நொடியில் 9.1 மீட்டர் என்றால் மணிக்கு 5.5 கிலோமீட்டர். பஸ்ஸைப் பிடிக்கக் கொஞ்சம் எட்டி நடக்கும் வேகம். தன் முறையில் வேறெதுவும் செய்யாமல் 'டேஷ்' என்ற ஆக்‌ஷனை எடுத்தால் இன்னொரு 30 அடி கிடைக்கும். மொத்தம் மணிக்கு 11 கிலோமீட்டர். பூங்காவில் காலை மெதுவோட்டம் ஓடுபவரின் வேகம். உயிருக்குப் பயந்து ஓடும் மனிதனின் உச்ச வேகமும் இதுதான்.

குதிரைக்கும் இதையே போட்டுப் பாத்தா, டேஷ் சேர்த்து ஆறு நொடியில் 120 அடி, அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். சராசரி மணிக்கு 37.6 கிலோமீட்டர். அதாவது இந்த உலகத்துக் குதிரை போல்ட்டிடம் பரிதாபமாகத் தோற்கும்.

இன்னொரு வேடிக்கை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் மனிதனுக்கு 30 அடி, சுற்றுக்கு ஆறு நொடிதான். ஆனால் அங்கே 'ரன்' என்று தனி விதி இருந்தது: நேர்க்கோட்டில் ஓடினால் நான்கு மடங்கு, 120 அடி. 2014இல் அந்த விதி போய்விட்டது. பதினாலு வருடத்தில் மனித குலத்தின் ஓட்ட வேகம் பாதியாகிவிட்டது!

ஆனால் என் குறை இதில்லை. கையில் வாள், உடம்பில் கவசம், சுற்றிலும் ஆபத்து, காலடியில் கல்லும் முள்ளும். சண்டைக்குள் ஒருவன் தடகள வீரன் மாதிரி ஓட மாட்டான் என்று விதியை எழுதியவர்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். எல்லோரும் ஒரே விகிதத்தில் மெதுவாக இருந்தால் ஆட்டத்துக்குப் பாதகமில்லை. எண்ணின் அளவு தப்பா இருந்தாலும், எண்களுக்கு இடையிலான வித்தியாசம் ஏதாவது அர்த்தம் தரவேண்டும் இல்லையா? ஓநாய் மனிதனைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம். சிங்கம் அதைவிட அதிகம். அந்த வித்தியாசம் மேசையில் எங்கே தெரிகிறது? அதுதான் கேள்வி.

ஓநாய்க் கணக்கு

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் நடந்த ஒன்று. கதைப்படி காட்டில் நான்கு ஓநாய்கள். மூன்றைக் கொன்றாயிற்று. எங்கள் பக்கம் மூன்று பேர் மயங்கிக் கிடக்கிறார்கள். நிற்பது ஒரு போர்வீரன் மட்டும், உயிர்ப்புள்ளி ஆறு. ஓநாய் ஒரு கடி கடித்தால் சராசரியாக ஏழு போகும். அந்தப் பாத்திரத்தை ஆடிய நண்பர் ஆறு வாரமாக ஆடுகிறார். அதற்கு முன்கதை மட்டும் எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தார். அவர் கேட்டார்: "நான் ஓடினா என்ன ஆகும்?"

எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். அவருக்கு முன்னால் இருந்தது மூன்று வழி.

ஒன்று, நின்று சண்டை போடுவது. ஓநாய் தன் முறையில் ஒரு தடவை கடிக்க முயலும்.

இரண்டு, டேஷ். 60 அடி ஓடலாம். ஆனால் எதிரியின் பிடியிலிருந்து சட்டென்று விலகினால், அவன் முறை இல்லாவிட்டாலும் அவனுக்கு ஓர் இலவசத் தாக்குதல் உண்டு. ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் என்பார்கள். ஆக, கிளம்பும்போதே ஒரு கடி. இப்போது இருவருக்கும் இடையே 65 அடி. ஓநாய் 40 அடி நகர்ந்தால் எட்டாது. அதுவும் டேஷ் செய்து பக்கத்தில் வந்து நிற்கும். டேஷுக்கே ஆக்‌ஷன் செலவானதால் தன் முறையில் கடிக்க முடியாது. மறுபடி இவர் ஓடுவார்; மறுபடி ஒரு இலவசக் கடி. மொத்தத்தில் சுற்றுக்கு ஒன்று.

மூன்று, 'டிஸ்எங்கேஜ்'. ஜாக்கிரதையாகப் பின்வாங்குவது. இலவசக் கடி கிடையாது, ஆனால் அதற்கும் ஆக்‌ஷன் போய்விடும், 30 அடிதான் நகரலாம். ஓநாய் 40 அடி வேகத்தில் சாவகாசமாக வந்து கடிக்கும். சுற்றுக்கு ஒன்று.

மூன்று வழியிலும் விலை ஒன்றே. முதல் வழியில் மட்டும் இவர் வாளை வீசலாம். ஆகவே ஓடுவது எப்போதும் முட்டாள்தனம். நண்பர் சிரித்துவிட்டு, "சரி, நிக்கிறேன்" என்றார். நின்றார். பாத்திரம் செத்தது. அது ஆட்டத்தில் சகஜம்தான். பகடை விழவில்லை, அவ்ளோதான். ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது சாவு இல்லை. எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லும் ஒரு விளையாட்டில், ஒரு மனிதன் பயந்து ஓட நினைத்தபோது, ஓட்டத்துக்கும் நிற்பதற்கும் ஒரே விடையை அது தந்ததுதான் தொந்தரவு.

அன்று இரவு தூக்கம் வராமல் ஓநாயின் வேகத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எதிரி சுற்றுக்கு ஒரு முறை தாக்குபவன், நம் வேகம் 30, இடம் திறந்தவெளி என்று வைத்துக்கொள்வோம். எதிரியின் வேகம் 30ஆக இருந்தாலும் இதே விடை. 35, 40, 50, 55 எதுவானாலும் இதே விடை. எதிரி வேகம் 25 என்றால் நாம் டிஸ்எங்கேஜ் செய்து ஒரு கீறலும் இல்லாமல் போய்விடலாம். அவனால் எட்டவே முடியாது. 60 என்றால் டேஷ் செய்து ஓடும் நமக்கு இரண்டு கடி: கிளம்பும்போது ஒன்று, பிடித்த பிறகு ஒன்று.

அதாவது இந்த எண்ணுக்கு மூன்றே மதிப்புகள்தான் உண்டு: என்னைவிடக் குறைவு, எனக்குச் சமம் அல்லது மேல், என்னைப்போல் இரண்டு மடங்கு. ப்ரோக்ராம் எழுதுபவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், புத்தகத்தில் இருப்பது ஓர் எண். ஆட்டத்தில் ஓடுவது ஓர் 'இஃப்' வாக்கியம். சாதாரண வழிப்பறித் திருடனுக்கும் (30 அடி) சிங்கத்துக்கும் துரத்துவதில் எந்த வித்தியாசமும் இல்லை.

கட்டமும் குறுக்கு வழியும்

வித்தியாசம் தொலைந்துபோகும் இடம் இது மட்டுமில்லை. ஐந்தாம் பதிப்பில் கட்டத்தின் மேல் ஆடினால், நேராகப் போனாலும் குறுக்காகப் போனாலும் ஒரு கட்டம் ஐந்தடிதான். சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைவிட 1.414 மடங்கு நீளம் என்பதை விதி கண்டுகொள்வதில்லை. விளைவு: குறுக்காக 'முப்பது அடி' போகிறவன் உண்மையில் வரைபடத்தில் 42 அடி போகிறான். நேராகப் போகும் ஓநாய் 40 அடி. மனிதன் சரியான திசையைப் பார்த்து நின்றால் ஓநாயைவிட வேகம்!

மூன்றாம் பதிப்பில் இதற்கு ஓர் அழகான சமாளிப்பு இருந்தது. முதல் குறுக்குக் கட்டம் ஐந்தடி, இரண்டாவது பத்தடி, மூன்றாவது ஐந்தடி என்று மாற்றி மாற்றி எண்ணவேண்டும். சராசரி ஒன்றரை, உண்மைக்கு ஆறு சதவீதத்துக்குள். வர்க்கமூலம் எதுவும் இல்லாமல் மனதால் செய்யக்கூடிய கணக்கு. ஐந்தாம் பதிப்பு இதை விருப்ப விதியாக ஆட்டம் நடத்துபவருக்கான புத்தகத்துக்குள் தள்ளிவிட்டது. எண்ணுவது எளிதாயிற்று; திசையால் வரும் பிழை உயிரினங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிதாயிற்று.

அறையின் அளவும் ஒரு காரணம். பாதாள அறை 30 அடிக்கு 30 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 அடி வேகமுள்ள எவனும் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் ஒரே முறையில் போய்விடலாம். அதற்குமேல் 40 இருந்தால் என்ன, 80 இருந்தால் என்ன? மாறாக, திறந்தவெளியில் 20 அடி ஸாம்பி ஒரு வில்லாளியை எட்டவே முடியாது. அது டேஷ் செய்து நெருங்கினாலும், வில்லாளி இடையிடையே ஒரு தடவை டேஷ் செய்து இடைவெளியைக் கூட்டிக்கொண்டால் போதும். ஒரே எண் ஓர் இடத்தில் ஒன்றுமில்லாதது, இன்னோர் இடத்தில் மரண தண்டனை. ஸாம்பியை எப்போதும் சின்ன அறையிலும் குறுகிய வழியிலும் வைக்கவேண்டியிருப்பது இதனால்தான். வேகம் என்பது உயிரினத்தின் குணம் மட்டுமில்லை, அறையோடு சேர்ந்த ஒரு விகிதம். புத்தகம் விகிதத்தின் மேல் பாதியை மட்டும் அச்சடிக்கிறது.

இந்த எண் எங்கிருந்து வந்தது?

1824இல் பிரஷ்ய ராணுவத்தின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார். ஒரு முறை என்பது இரண்டு நிமிடம். வரைபடம் 1க்கு 8000 அளவு. இரண்டு நிமிடத்தில் காலாட்படை எவ்வளவு போகும், குதிரைப்படை எவ்வளவு போகும் என்பது அதிகாரிகளுக்குப் பழகிய விஷயம். அங்கே எண் உண்மையிலேயே வேகம்தான். ஒரு படைப்பிரிவு இந்தக் குன்றுக்கு எப்போது வந்து சேரும் என்பதே அந்த ஆட்டத்தின் மையக் கேள்வி. அதில் இரண்டு நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் குடி முழுகிப் போகாது.

அந்த வழியில் வந்த பொம்மைப் போர் விளையாட்டுகளில் ஒன்று, 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்'. அதிலிருந்து 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உண்டாக்கினார்கள். அதனால் முதல் பதிப்பில் வேகம் அங்குலத்தில் இருந்தது: சுமை குறைந்தவனுக்கு 12 அங்குலம், கனமானவனுக்கு 9, முழுக் கவசக்காரனுக்கு 6. மேசைமேல் அளவுகோல் வைத்து அளக்கிற அங்குலம். 1978இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் விளையாடுவோர் புத்தகத்தில் ஓர் அங்குலம் பாதாளத்துக்குள் பத்து அடி, வெளியே பத்து கஜம். கஜம் என்றால் மூன்று அடி. வாசலைத் தாண்டினால் எல்லோருக்கும் வேகம் மூன்று மடங்கு!

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தக் காலத்து ஆட்டத்தில் இன்னொன்று இருந்தது. 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் பதிப்பைப் பாருங்கள். அதில் ஒரு சாதாரண மனிதனுக்கு மூன்று வேகம்: வரைபடம் வரைந்தபடி இருட்டில் தடவித் தடவிப் போகும்போது பத்து நிமிடத்துக்கு 120 அடி, சண்டையில் பத்து நொடிக்கு 40 அடி, ஓடினால் பத்து நொடிக்கு 120 அடி. மூன்று வேலை, மூன்று எண். கூடவே தப்பிப்பதற்குத் தனி விதி. துரத்தும் மிருகத்தின் முன் சாப்பாட்டைப் போட்டால் பாதி வாய்ப்பில் அது நின்றுவிடும். புத்தியுள்ள எதிரியென்றால் தங்கத்தை வீசிப் பார்க்கலாம். ஓடுவது என்பது அங்கே ஒரு முழுமையான ஆட்டம். அதில் முடிவெடுக்க விஷயம் இருந்தது.

சண்டையே வாழ்க்கை என்று ஆகிவிட்ட பிறகுதான் மூன்று எண்ணும் ஒன்றாகச் சுருங்கின.

சிக்கலின் வேர்

ஏன் இப்படி ஆகிறது? நேரத்தைத் துண்டு போட்டதால். ஆறு நொடியில் எல்லோரும் ஒரே சமயத்தில் நகர்கிறார்கள் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் மேசையில் ஒருவர் முழு ஆறு நொடியையும் வாழ்ந்து முடிக்கும்வரை மற்றவர்கள் சிலை மாதிரி நிற்கிறார்கள். ஓடுகிறவன் 60 அடி ஓடி முடிப்பான், ஓநாய் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு அது ஓடும், இவன் நிற்பான்.

இதன் அபத்தத்தைக் காட்ட இணையத்தில் பழைய ஜோக் ஒன்று உண்டு. விவசாயிகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்த கம்பை அடுத்தவரிடம் கொடுக்கத் தயாராக இருக்கவேண்டும். 2000 பேர், ஆளுக்கு ஐந்தடி, மொத்தம் 10,000 அடி, அதாவது மூன்று கிலோமீட்டர். எல்லாம் ஒரே சுற்றுக்குள். கம்பு நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் பறக்கிறது, ஒலியைவிட வேகம். சிரிப்புதான், ஆனால் நண்பரைக் கொன்ற ஓநாயும் இதே ஓட்டை வழியாகத்தான் வந்தது.

ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கை இந்தக் கோணத்தில் பாருங்கள். 'முதுகைக் காட்டினால் அடி விழும்' என்று அதற்குக் கதை சொல்வார்கள். என் வாசிப்பு வேறு: அது ஒரு ஒட்டு. சாஃப்ட்வேரில் 'பேட்ச்' என்கிறோமே, அது. எதிரி சிலையாக நிற்கும்போது நாம் அவனைக் கடந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற ஓட்டையை அடைக்க, சிலைக்கு ஒரே ஒரு அசைவு அனுமதித்தார்கள். ஒட்டு அதன் வேலையைச் செய்கிறது. முன்னால் நிற்கும் வீரனைத் தாண்டி யாரும் சுலபமாகப் பின்னால் இருக்கும் மந்திரவாதியிடம் போக முடியாது. ஆனால் அதே ஒட்டுதான் ஓடுவதையும் அர்த்தமற்றதாக்கிவிட்டது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

முதல் வழி, துண்டை இன்னும் சின்னதாக்குவது. 1979இல் வந்த ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் என்ற விண்கலப் போர் விளையாட்டில் ஒரு முறையை 32 துணுக்காக வெட்டினார்கள். 16 வேகக் கலம் ஒன்று விட்டு ஒரு துணுக்கில் ஒரு கட்டம் நகரும். 8 வேகக் கலம் நான்கில் ஒன்றில். எந்த வேகத்துக்கு எந்தத் துணுக்கு என்று ஓர் அட்டவணை. அதைப் பார்த்தபோது எனக்குப் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருந்தது: திரையில் சாய்கோடு வரைய ஐபிஎம்மின் ப்ரெஸன்ஹாம் 1962இல் உருவாக்கிய அல்காரிதம் செய்வதும் இதே பங்கீட்டைத்தான். 1981இன் சாம்பியன்ஸ் என்ற சூப்பர்ஹீரோ விளையாட்டு இதை மனிதர்களுக்குக் கொண்டுவந்தது: 12 நொடி, 12 துணுக்கு, வேகம் 4 என்றால் 3, 6, 9, 12ஆம் நொடிகளில் உன் முறை. 1986இன் கர்ப்ஸ் ஒரு முறைக்கு ஒரே நொடி என்றது.

கணக்கு சரியாக வரும். ஆனால் ஆட்டம் நகராது. நொடிக்கு ஐந்து கஜம் நகரும் ஆள் 30 கஜம் கடக்க ஆறு தடவை 'நடக்கிறேன்' என்று சொல்லவேண்டும். கம்ப்யூட்டருக்கு இது சிரமமில்லை. 1987இலிருந்து வரும் நெட்ஹேக்கில் மனித வேகம் 12, நாய்க்குட்டிக்கு 18. நாய்க்குட்டி இரண்டு முறைக்கு மூன்று அடி எடுத்து வைப்பதை நாம் கவனிப்பதுகூட இல்லை, ப்ரோக்ராம் பார்த்துக்கொள்ளும். மேசையில் அந்த மீதிக் கணக்கை யார் வைத்திருப்பது? வேலை முடிந்து வந்து ஞாயிறு ராத்திரி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்.

இரண்டாம் வழி, நகர்வையும் தாக்குதலையும் ஒரே பணப்பையில் போடுவது. 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒருவருக்கு ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன். ஒரு நகர்வு ஒன்று, ஒரு தாக்குதல் ஒன்று. இலவசத் தாக்குதல் எல்லோருக்கும் கிடையாது. மனிதனுக்கு 25 அடி; மூன்றையும் ஓட்டத்துக்குச் செலவழித்தால் 75 அடி. துரத்துபவனும் 25 என்றால் அவனுக்கும் மூன்று நகர்வு தேவை. பக்கத்தில் வந்து நிற்பான், அடிக்க ஆக்‌ஷன் மிச்சமில்லை. அவன் வேகம் 40 என்றால் இரண்டு நகர்வில் பிடித்துவிட்டு ஒரு முறை அடிப்பான். நின்றிருந்தால் மூன்று தாக்குதல் விழும். ஓடினால் ஒன்று அல்லது பூஜ்யம். இங்கேயும் படிக்கட்டுதான், ஆனால் படிகள் சரியான திசையில் இறங்குகின்றன. ஓடுவதற்கு ஒரு மதிப்பு உண்டு. கட்டம் போட்டு ஆடும் விளையாட்டுகளில் எனக்குத் தெரிந்து இதுதான் சுத்தமான தீர்வு.

மூன்றாம் வழி, எண்ணையே தூக்கிப்போடுவது. 2013இல் வந்த தர்ட்டீன்த் ஏஜ் விளையாட்டில் அடிக்கணக்கே கிடையாது. ஒருவன் உன்னோடு மோதிக்கொண்டிருக்கிறான், அல்லது பக்கத்தில் இருக்கிறான், அல்லது தூரத்தில் இருக்கிறான். விலகவேண்டுமென்றால் இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் போடு. இதை எழுதியவர்கள் ராப் ஹைன்சூ, ஜோனதன் ட்வீட். முன்னவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்புக்கு, பின்னவர் மூன்றாம் பதிப்புக்கு வடிவமைப்பில் தலைமை தாங்கியவர்கள். அதாவது கட்டத்தை அதிகம் நம்பிய இரண்டு பதிப்புகளின் மூளைகள். அவர்கள் தமக்காக ஒரு விளையாட்டு எழுதியபோது கட்டத்தைக் கைவிட்டார்கள்.

அதைவிட முக்கியம், அதில் இருக்கும் தப்பியோடும் விதி. எந்த நேரத்திலும் ஒருவர் 'ஓடிடலாம்' என்று சொல்லலாம். எல்லோரும் ஒப்புக்கொண்டால் எல்லோரும் தப்பிவிடுவார்கள், விழுந்தவர்களையும் தூக்கிக்கொண்டு. பகடை இல்லை, கணக்கு இல்லை. விலை? கதையில் ஓர் இழப்பு. காப்பாற்ற வந்த ஊர் எரிந்துபோகலாம், எதிரி சடங்கை முடித்துவிடலாம். வேகத்தை அளப்பதை விட்டுவிட்டு, ஓடுவதற்கு என்ன விலை என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறார்கள்.

ஐந்தாம் பதிப்பின் ஆசிரியர்களுக்கும் சிக்கல் தெரியாமலில்லை. ஆட்டம் நடத்துபவருக்கான புத்தகத்தில் துரத்தலுக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். அங்கே துரத்துபவரும் ஓடுபவரும் ஒருவர்மேல் ஒருவர் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் செய்யமுடியாது. குறிப்பிட்ட தடவைக்கு மேல் டேஷ் செய்தால் மூச்சு வாங்கும். அந்த இரண்டு வரியிலேயே வாக்குமூலம் இருக்கிறது: சண்டை விதியை வைத்துக்கொண்டு ஓட முடியாது, வேறு விதி வேண்டும். ஆனால் சண்டையிலிருந்து துரத்தலுக்கு எப்போது, யார் சொன்னால் மாறுவது என்பதைத் தெளிவாக வைக்கவில்லை. விளையாடுபவர்கள் படிக்கும் புத்தகத்தில் இல்லாத கதவை அவர்கள் எப்படித் தட்டுவார்கள்?

என் தீர்ப்பு

ஸ்பீட் என்ற எண் ஒரே ஒரு கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கிறது: 'இந்த முறையில் நான் அவனை எட்டுவேனா?' அதற்கு அது போதும், அதை ஒழிக்கவேண்டியதில்லை. 'அவன் என்னைத் துரத்தினால் என்ன ஆகும்?' என்பது வேறு கேள்வி. அது பல சுற்றுகளுக்கு நீளும் கேள்வி; மூச்சு, நிலம், பயம், பசி எல்லாம் சேர்ந்தது. முதல் கேள்விக்கான எண்ணை இரண்டாவதற்கும் நீட்டியதுதான் பிழை. அடி, நொடி என்று நிஜ உலக அலகுகளில் எழுதியதால், இரண்டுக்கும் அது பொருந்தும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். நான்காம் பதிப்பு (2008) வேகத்தை வெறுமனே '6 கட்டம்' என்று எழுதியதற்குத் திட்டு வாங்கியது. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

எங்கள் குழுவில் இப்போது கடைப்பிடிக்கும் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விளையாடுபவர் தன் முறையில் 'நான் ஓடுகிறேன்' என்று அறிவித்தால் வரைபடத்தை மூடிவிடுவோம். எதிரிக்கு ஒரு இலவசத் தாக்குதல். அதோடு சண்டை விதி முடிந்தது. பிறகு மூன்று பகடை உருட்டல், இருவரும் எதிரெதிராக. வேக வித்தியாசம் ஒவ்வொரு பத்தடிக்கும் வேகமானவருக்கு 2 கூடுதல். ஒவ்வோர் உருட்டலுக்கு முன்பும் ஓடுபவர் எதையாவது விட்டுக்கொடுத்து மறுபடி உருட்டும் உரிமை வாங்கலாம்: கேடயம், சாப்பாட்டு மூட்டை, கையிலிருக்கும் பந்தம். மூன்றில் இரண்டு ஜெயித்தால் தப்பினார். தோற்றால் எதிரி பிடித்த இடத்தில் மறுபடி கட்டம் விரியும்.

இதுதான் சரியான விதி என்று சொல்ல வரவில்லை. சோதித்தது ஐந்தாறு தடவைதான். ஆனால் இதில் 40க்கும் 50க்கும் வித்தியாசம் தெரிகிறது. ஓநாய் துரத்துவதும் சிங்கம் துரத்துவதும் வேறாக இருக்கிறது. போன மாதம் அதே நண்பரின் புதுப் பாத்திரம் ஒரு கரடியிடமிருந்து ஓடியது. கேடயமும் மூன்று நாள் சாப்பாடும் போச்சு; ஆள் பிழைத்தார். அடுத்த வாரம் முழுக்க எங்களிடம் சாப்பாடு கேட்டுக்கொண்டே வந்தார்.